பீங்கானின் அடியில் இல்லாத பெயர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்காகச் செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். "நீர் டொக்டர் எண்டதுக்காக வருத்தங்களைப் பற்றிப் பேசிப் போடாதையும். சாப்பாட்டுக்கு முன்னாலை வாற பேச்சு. நீர் இருக்கிற ஊரைப் பற்றி ஏதாவது சொல்லும்" என்றார். அக்கா சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. ஆகவே நாம் வாழும் ஊரில் இருந்த ஒரு மட்பாண்டத் தொழிற்சாலையைப் பற்றியும், அதனோடு மூன்று தலைமுறை பிணைந்திருந்த ஒரு குடும்பத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். இடையில் வருத்தங்களும் கொஞ்சம் வரும். அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பம் வேல்ஸ் நாட்டின் தென்கரையிலுள்ள சுவான்சி நகரில் வாழ்கிறது. நாம் அங்கே நெஞ்சு நோய்ப் பிரிவில் கடமையாற்றுகிறோம். மூச்சு முட்டுகிறது என்று வரும் முதியவர்களிடம் நாம் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "நீங்கள் என்ன தொழில் செய்தீர்கள்?" இந்தக் கேள்வியை வைத்தியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ரமாசினி. தொழிலாளரின் நோய்கள் பற்றி 1700ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் கேட்கவேண்டிய வழக்கமான கேள்விகளோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று எழுதினார். அதே நூலில் குயவர்களுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது.

சுவான்சியில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் அந்த ஊரின் வரலாறாகவே இருக்கும். நிலக்கரிச் சுரங்கம், தகரத் தகடு, செப்பு, நாகம் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். ஒருநாள் ஒரு வயோதிபத் தாய், "நான் வீட்டு வேலைதான் செய்தேன் டொக்டர். என்னுடைய பாட்டிதான் பீங்கான் ஆலையில் பூப் போட்டவர்" என்றார். "எந்த ஆலை?" என்று கேட்டோம். "லனெலி" என்றார். சுவான்சிக்குப் பக்கத்து ஊர்தான். பாட்டி தீட்டிய தட்டு ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டபோது சிரித்தார். "எத்தனையோ வீடுகளில் இருக்கும். ஆனால் எது அவருடையது என்று யாருக்குத் தெரியும்? அடியில் கொம்பனியின் பெயர்தானே இருக்கும்" என்றார்.

அன்று மாலையே நாம் தேடத் தொடங்கினோம். அப்படித்தான் டில்வின் குடும்பத்தின் கதைக்குள் வந்து சேர்ந்தோம்.

முதலில் ஊரைச் சொல்லவேண்டும். சுவான்சி, தாவே ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. 1717இல் அந்த ஆற்றங்கரையில் செப்பு உருக்கத் தொடங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் அந்த நகரத்துக்கு "செப்புப் பட்டணம்" என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. அந்த ஊரில் செப்புத்தாது கிடையாது. தாது கோர்ன்வோலிலிருந்தும் பின்னர் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்தது. ஊரில் இருந்தது நிலக்கரி. தாதுவை உருக்கப் பெருமளவு கரி வேண்டும் என்பதால், கரியைத் தாதுவிடம் கொண்டுபோவதைவிடத் தாதுவைக் கரியிடம் கொண்டுவருவது மலிவாக இருந்தது. தாது ஏற்றிவந்த கப்பல்கள் கரி ஏற்றித் திரும்பின.

மட்பாண்டத் தொழிலும் அதே கணக்கில்தான் அங்கே வந்தது. வெண்களி கோர்ன்வோலிலிருந்து கப்பலில் வரும். வேறு களிகளும் தீக்கல்லும் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து வரும். சூளைக்கு வேண்டிய கரி மட்டும் காலடியில் கிடந்தது. 1764இல் வில்லியம் கோல்ஸ் என்பவர், கைவிடப்பட்டிருந்த ஒரு செப்பு ஆலையைக் குத்தகைக்கு எடுத்து அங்கே மட்பாண்டம் செய்யத் தொடங்கினார். பின்னர் வந்த ஜோர்ஜ் ஹெயின்ஸ் அதை நன்றாக வளர்த்தார். கேம்பிறியன் மட்பாண்டத் தொழிற்சாலை என்று அது பெயர் பெற்றது.

1802இல் இந்தத் தொழிற்சாலையின் குத்தகையை வாங்கியவர் வில்லியம் டில்வின். அவர் வேல்ஸ்காரர் அல்லர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்த குவேக்கர். அவருடைய ஆசிரியர் அந்தோனி பெனசெற், பிலடெல்பியாவில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடத்தை 1750களில் தொடங்கியவர். அடிமை வியாபாரத்துக்கு எதிராக முதன்முதலில் எழுதியவர்களுள் ஒருவரும் அவர்தான். அந்த ஆசிரியரின் மாணவர் வில்லியம் டில்வின், 1787இல் இலண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கென்று பன்னிரண்டு பேர் கூடி அமைத்த குழுவில் ஒருவராக இருந்தார். அத்தகைய மனிதர் தன் மகன் லூயிஸ் வெஸ்டன் டில்வினுக்கு நேர்மையான ஒரு தொழில் தேடிக்கொடுத்த இடம் சுவான்சி.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். அடிமை வியாபாரத்தில் மேற்கு ஆபிரிக்காவில் பணமாகக் கொடுக்கப்பட்ட செப்பு வளையங்களைச் செய்த இடங்களுள் சுவான்சியின் தாவே ஆற்றங்கரையும் ஒன்று. 1830களிலிருந்து கியூபா நாட்டின் எல் கோப்றே சுரங்கத்துத் தாதுவும் சுவான்சித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அங்கே அதை வெட்டியவர்களில் பலர் அடிமைகள். டில்வின் குடும்பம் அந்தச் செப்பு வியாபாரத்தைச் செய்யவில்லை. ஆனால் அடிமைத்தனத்தை எதிர்த்த ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு வாழ்வு தேடிய ஊர், அந்த வியாபாரத்தாலும் வளர்ந்த ஊர். எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் நமக்குக் கிடைக்கும் வசதி எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று முழுக்கக் கணக்குப் பார்க்க முடிவதில்லை.

மகன் லூயிஸ் வெஸ்டனுக்கு மட்பாண்டம் தெரியாது, தாவரவியல் தெரியும். பாசி வகைகளைப் பற்றி அவர் எழுதிப் படம் வரைந்த நூல், பல பகுதிகளாக 1802க்கும் 1809க்கும் இடையில் வெளிவந்தது. 1804இல் றோயல் சொசைற்றியின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். அவருடைய காலத்துப் பாண்டங்களில் பூக்களும் செடிகளும் புத்தகத்தில் பார்ப்பதுபோல் இதழுக்கு இதழ் சரியாக இருக்கும். தோமஸ் பார்டோ என்ற ஓவியர் வரைந்த செடிகளை இன்றும் சுவான்சி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த அருங்காட்சியகத்தைக் கட்டிய சங்கத்தின் முதல் தலைவரும் இதே லூயிஸ் வெஸ்டன் டில்வின்தான்.

1814இல் அவருக்கு ஒரு வேலை வந்தது. நன்ற்கரூ என்ற கிராமத்தில் வில்லியம் பில்லிங்ஸ்லி என்ற கைவினைஞர், தன் மருமகன் சாமுவேல் வோக்கரோடு சேர்ந்து வெள்ளைப் பீங்கான் செய்துகொண்டிருந்தார். மிக அழகான பீங்கான். ஆனால் கையில் பணமில்லை. அரசாங்கத்திடம் உதவி கேட்டார்கள். அதைப் பார்த்துவரும்படி டில்வின் கேட்கப்பட்டார். சூளையில் வைத்தவற்றில் பத்தில் ஒன்பது பங்கு உருக்குலைந்தோ வெடித்தோ போயின என்று அவர் பின்னர் எழுதினார். வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் போயிருப்பார்கள். டில்வினோ அவர்களைச் சுவான்சிக்கு அழைத்து, தன் தொழிற்சாலையிலேயே இடம் கொடுத்தார். களியின் கலவையை மாற்றி மாற்றிப் பரிசோதித்துக் குறிப்பெழுதி வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் "வாத்து முட்டை" என்று பெயர்பெற்ற சுவான்சிப் பீங்கான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வாத்து முட்டை ஓட்டைப்போல இலேசான பச்சை தெரியும். மூன்று வருடங்கள்தான் அந்த முயற்சி நடந்தது. 1817இல் டில்வின் அதைக் கைவிட்டார். பில்லிங்ஸ்லி நன்ற்கரூவுக்கே திரும்பினார். அதே 1817இல் பில்லிங்ஸ்லியின் இரண்டு மகள்மாரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். இன்று அந்தப் பீங்கான்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றின் முன் நிற்கும்போது எமக்கு அந்த இரண்டு பெண்பிள்ளைகளின் நினைவுதான் வரும்.

இந்த இடத்தில் செயலாளர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் வைத்தியராகப் பேசுகிறோம்.

அந்தக் காலத்துச் சாதாரணப் பாண்டங்களுக்கு மினுமினுப்பைக் கொடுத்தது ஈயம் கலந்த பூச்சு. சுட்டெடுத்த பாண்டத்தை அந்தப் பூச்சுக் குழம்பில் கையால் முக்கி எடுப்பார்கள். நாள் முழுக்கக் கைகள் ஈயத்தில் ஊறும். அதே கையால் சாப்பாடும் நடக்கும். வயிற்றுக் கொழுவல், இரத்தச் சோகை, முரசில் நீலக்கோடு, கடைசியில் மணிக்கட்டு தொங்கிப்போய்க் கை எழும்பாத நிலை. ரமாசினி 1700இலேயே குயவர்களின் கை நடுக்கத்தையும் பின்னர் வரும் முடக்கத்தையும் எழுதிவிட்டார். பெண்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு: ஈயம் கருவைக் கலைக்கும்.

அடுத்தது தீக்கல். அதைச் சுட்டு மாவாக அரைத்துக் களியோடு சேர்த்தால் பாண்டம் வெண்மையாக வரும். அந்த மாவு சுவாசப்பையில் படிந்தால் மீண்டும் வெளியே வராது. சுற்றிலும் தழும்பாகி, சுவாசப்பை இறுகிக்கொண்டே போகும். தண்ணீர்விட்டு அரைத்தால் தூசு பறக்காது என்று 1720களிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆனால் தூசு அரைக்கும் இடத்தில் மட்டும் பறப்பதில்லை. நொருங்காமல் இருக்க வெண்பீங்கானைத் தீக்கல் மாவுக்குள் புதைத்துச் சுடுவார்கள். சுட்டபின் அந்த மாவைத் தட்டித் தேய்த்து எடுப்பது, பீங்கான் செய்த ஊர்களில் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது.

மூன்றாவது, பிள்ளைகள். குயவர் அச்சில் வார்த்த பாண்டத்தைச் சூடான உலர்த்தும் அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், வெற்று அச்சோடு திரும்பி ஓடிவருவதும் சிறுவர்களின் வேலை. 1840களில் பிரித்தானிய அரசின் சிறுவர் தொழில் ஆணைக்குழு மட்பாண்டத் தொழிலில் இருந்த பிள்ளைகளையும் விசாரித்து அறிக்கை எழுதியது. முதலாவது பெண் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டது 1893இல்தான். ஈயத்தைப் பற்றிய கடுமையான விதிகள் அதற்குப் பிறகே வந்தன.

எந்தவொரு முதலாளியையும் கொடியவர் என்று காட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. அன்றைய தொழில் முழுவதுமே அப்படித்தான் நடந்தது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பீங்கானின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு முத்திரை இருக்கும்: "டில்வின்", அல்லது "சுவான்சி". குழம்பில் கை வைத்தவரின் பெயர் அங்கே இல்லை.

முதலாளி வீட்டுப் பெண்ணின் பெயரும் அங்கே இல்லை என்பது அடுத்த தலைமுறையில் தெரியவருகிறது.

லூயிஸ் வெஸ்டனின் மகன் லூயிஸ் லெவெலின் டில்வின் 1836இல் தொழிற்சாலையைப் பொறுப்பேற்றார். அவருடைய மனைவி எலிசபெத். வீட்டில் பெஸி என்று அழைப்பார்கள். புகழ்பெற்ற புவியியலாளர் ஹென்றி டெ லா பீச்சின் மகள். 1847 அளவில் கணவனும் மனைவியுமாக ஒரு புது முயற்சியில் இறங்கினார்கள். குடும்பத்துக் காணியான பென்லெர்கேரிலிருந்து எடுத்த செந்நிறக் களியில் பழைய கிரேக்கச் சாடிகளின் வடிவில் பாண்டம் செய்து, அதில் கறுப்பு நிறத்தில் கிரேக்க உருவங்களைப் பதித்தார்கள். அந்த உருவங்களைப் பழைய சாடிகளின் படங்களைப் பார்த்து வரைந்து கொடுத்தவர் பெஸி. கலையைப் பெரியவர் வீட்டு மண்டபங்களிலிருந்து சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அவை விலைபோகவில்லை. சில வருடங்களில் நின்றுவிட்டது. அடியில் பதிக்கப்பட்ட முத்திரை, "டில்வினின் எற்றஸ்கன் பாண்டம்". பெஸி என்ற பெயர் எங்கும் இல்லை. "டில்வினின்" என்பதில் அவரும் அடக்கம் என்று யாராவது சொல்லக்கூடும். எமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

இந்தக் குடும்பத்தில் பெண்களுக்குத் திறமை குறைவில்லை. லூயிஸ் லெவெலினின் தங்கை மேரி டில்வின், ஒளிப்படம் எடுப்பதே புதுமையாக இருந்த 1840களிலும் 1850களிலும் கமெராவோடு திரிந்தவர். அவருடைய தமையன் மகள் தெரேசா, தந்தையோடு சேர்ந்து வானத்தை ஆராய்ந்து நிலவைப் படம் பிடித்தவர். அந்தப் படங்களும் நெடுங்காலம் ஆண்களின் பெயருக்குப் பின்னால் நின்றன.

1850இல் டில்வின் குடும்பம் மட்பாண்டத் தொழிலைவிட்டு விலகியது. வேறொருவர் கையில் அது இன்னும் இருபது வருடம் ஓடி, 1870இல் முற்றாக மூடப்பட்டது. லூயிஸ் லெவெலின் சுவான்சியின் பாராளுமன்ற உறுப்பினரானார். லான்சாம்லெற் என்ற இடத்திலிருந்த நாகம் உருக்கும் ஆலைக்கும் உரிமையாளரானார். மட்பாண்டத்திலிருந்து நாகத்துக்கு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தாவே பள்ளத்தாக்கின் நிலக்கரி.

இனி நாம் உண்மையில் பேச வந்த ஆளிடம் வருகிறோம். பெஸியின் மகள் ஏமி டில்வின், 1845இல் பிறந்தவர். இளம் வயதிலேயே திருமணத்துக்கு ஆயத்தமாக இருந்தார். 1864இல், திருமணத்துக்குச் சற்று முன்னர், மணமகன் அம்மை நோயில் இறந்துபோனார். இரண்டு வருடத்தில் தாயும் போய்விட்டார். ஏமி திருமணம் செய்யவேயில்லை. தந்தையின் வீட்டைப் பார்த்துக்கொண்டு, நாவல்கள் எழுதினார். 1880இல் வந்த முதல் நாவல், சுங்க வாயில்களை உடைத்த வேல்ஸ் விவசாயிகளின் கலகத்தைப் பற்றியது. 1843இல் அந்தக் கலகக்காரரை எதிர்கொண்டு பிடித்த நீதவான்களுள் அவருடைய தந்தையும் ஒருவர். ஆனால் மகளோ கதையைக் கலகக்காரனின் வாயால் சொன்னார். அதிலிருந்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்கும்.

1890இல் தமையன் இறந்தார். 1892இல் தந்தையும் இறந்தார். ஏமிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஏறக்குறைய இன்று எமது வயது. குடும்ப வீடு ஆண் வாரிசுக்கே போகவேண்டும் என்ற ஏற்பாட்டின்படி அது மருமகனுக்குப் போனது. ஏமிக்குக் கிடைத்தது நாகம் உருக்கும் ஆலையும், அதன்மேல் இருந்த ஒரு இலட்சம் பவுண் அளவிலான கடனும். வீடு ஆணுக்கு, கடன் பெண்ணுக்கு. இதைப் படித்தபோது எம்மோடிருந்த அம்மா, "எந்த ஊரிலையும் இதே கதைதான்" என்றார்.

ஆலையை விற்று, கடன்காரருக்கு முடிந்ததைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் பெண், வியாபாரம் படித்தவர் அல்லர். ஆனால் ஆலை மூடப்பட்டால் அதில் வேலை செய்த முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் வீடுகளில் அடுப்பு எரியாது. ஏமி வாடகை அறை ஒன்றில் குடியேறினார், செலவைச் சுருக்கினார், ஆலைக்குத் தினமும் போய்க் கணக்கைக் கற்றார். அனுபவமுள்ள முகாமையாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். ஏழு வருடத்தில், 1899இல், கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. அதன்பின் நல்ல தாது தேடி அவரே அல்ஜீரியாவுக்கும் போய்வந்தார். ஊரார் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் அவர் பிடித்த சுருட்டையும், கட்டையான பாவாடையையும்பற்றித்தான் என்பது வேறு விடயம்.

1911இல் சுவான்சியின் பெரிய கடையொன்றின் தையல் பெண்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, அறுபத்தாறு வயது ஏமி மேடையேறி அவர்களுக்காகப் பேசினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு உழைத்தார். அது முதன்முதலில் கிடைத்த 1918இல் அவருக்கு எழுபத்துமூன்று வயது. ஆணுக்குச் சமமாகப் பிரித்தானியப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1928இல். எமது நாட்டுப் பெண்களுக்கு 1931இல். ஏமி அந்த இரண்டு ஆண்டுகளையும் கண்டு, 1935இல் தொண்ணூறாவது வயதில் கண்மூடினார்.

ஏமியை நாம் பூப்போட்டு வணங்க வரவில்லை. நாகம் உருக்கும் ஆலை எவ்வளவு நேர்மையாக நடத்தப்பட்டாலும் நாகம் உருக்கும் ஆலைதான். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இரவில் நடுக்கமும் காய்ச்சலும் வரும், காலையில் தணியும், ஓய்வு நாள் கழிந்து வேலைக்குத் திரும்பினால் மீண்டும் வரும். தாதுவோடு ஈயமும் கட்மியமும் கலந்திருக்கும். தாவே பள்ளத்தாக்கின் செப்பு, நாக ஆலைகள் மூடப்பட்டபோது அங்கே புல்லும் முளைக்காத மண்மேடுகள் எஞ்சின. அதைச் சீர்செய்யும் திட்டம் 1961இல்தான் தொடங்கியது. மரக்கன்று நட்டவர்களில் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. அன்று கன்று நட்ட பிள்ளைகள் சிலர் இப்போது எமது நோயாளிகள். எவ்வளவு பெருமையோடு சொல்வார்கள் தெரியுமா!

கடன்காரருக்குக் கொடுக்கவேண்டியதை ஏமி ஏழு வருடத்தில் கொடுத்து முடித்தார். மண்ணுக்குப் பட்ட கடனை, அதை வாங்காத பிள்ளைகள் அறுபது வருடம் கழித்து அடைத்தார்கள். சுவாசப்பைகளுக்குப் பட்ட கடனை அடைக்க எவராலும் முடியாது. அவர்களுடைய பெயரைக் கேட்டு எழுதிவைப்பது ஒன்றுதான் மிச்சம். வைத்தியராக நாம் "என்ன தொழில் செய்தீர்கள்?" என்று கேட்டு அட்டையில் எழுதுவதும் அந்தக் கடனில் ஒரு சிறு தவணைதான்.

இனி அந்த வயோதிபத் தாயின் பாட்டியிடம் திரும்புவோம். லனெலி மட்பாண்ட ஆலை 1840 அளவில் தொடங்கி 1920களின் தொடக்கம்வரை நடந்தது. அதன் கடைசிக் காலத்தில் செய்த சில தட்டுகள் இன்று மிகவும் தேடப்படுகின்றன: நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு சேவல், ஓரத்தில் பஞ்சால் ஒற்றிய நிறக்கரை. விலையுயர்ந்த பீங்கான் அல்ல; சாதாரண வீட்டுத் தட்டு. அந்தச் சேவல்களைத் தீட்டியவர் சேரா ஜேன் றொபேட்ஸ் என்ற தொழிலாளப் பெண் என்று சொல்வார்கள். ஆனால் லனெலியில் யாரும் அவரை அப்படி அழைப்பதில்லை. "ஆன்ரி சால்" என்பார்கள். அருங்காட்சியகத்தில் உள்ளவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். தட்டின் அடியில் பெயர் இல்லை. ஆனால் ஊர் மறக்கவில்லை. முதலாளிமாரின் முத்திரைகளுக்கு நடுவே, மாமி முறை சொல்லி அழைத்த ஒரு பெயர் நூறு வருடம் தாண்டி நிற்கிறது.

இதைப் படித்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை. காரணம் லனெலி அல்ல, எமது கல்லூரி.

விடுதியில் இருந்தவர்களுக்கு ஆச்சியைத் தெரியும். உயர்தரப் பரீட்சைக் காலத்தில் விளக்கு அணைத்தபின்னும் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, சமையல் கட்டிலிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனவர். முழங்கால் உரசினால் மஞ்சள் வைத்துக் கட்டியவரும் அவர்தான். புகை பிடித்த அந்தச் சமையல் கட்டில் விறகடுப்பின் முன்னால் அவர் இருமிய இருமல் இன்றும் எமது காதில் இருக்கிறது. இன்று அந்த இருமலை ஒரு நோயாளியிடம் கேட்டால் என்ன நோய் என்று சொல்லிவிடுவோம். அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவருடைய பெயர் என்ன என்றும் கேட்கவில்லை. ஆச்சி, அவ்வளவுதான். நாம் வைத்தியரானது எமது கெட்டித்தனத்தால் மட்டும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தோமோ தெரியவில்லை.

இந்த நூற்றாண்டு மலரில் அதிபர்மாரின் படங்கள் வரும். கட்டடம் கட்டித் தந்தவர்களின் பெயர்கள் வரும். வரத்தான் வேண்டும். அவற்றோடு ஒரு பக்கம் வெறுமையாக விடும்படி மலர்க் குழுவிடம் கேட்டிருக்கிறோம், அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். மணி அடித்தவர், வகுப்பறை கூட்டியவர், கிணற்றில் தண்ணீர் அள்ளியவர், விடுதியில் சோறு வடித்தவர், வீட்டுக் கஷ்டத்தால் இடையில் படிப்பை நிறுத்திவிட்டு எங்கள் நினைவிலிருந்தே போய்விட்ட வகுப்புத் தோழி, இவர்களுள் யாருடைய பெயராவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். ஊர் தெரிந்தால் ஊரையும், என்ன வேலை செய்தார் என்பதையும் எழுதுங்கள். ரொறன்ரோவில் இருந்தாலும் சரி, சிட்னியில் இருந்தாலும் சரி, கல்லூரி மதிலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் சரி.

எங்கள் ஆச்சியின் பெயரை அறிந்தவர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், தயவுசெய்து சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்லுங்கள். நாம் பேனையோடு வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருப்போம்.

செயலாளர் அக்கா மணிக்கூட்டைப் பார்க்கிறார்.